வன்தட்டில் தகவல்கள் ஏன் சிதறுகின்றன?

உங்கள் ஊர் மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் பேரேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சித்திரையில் புதுக்கணக்குப் போடும்போது கடைக்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குவார். சிலருக்கு அந்த இரண்டு பக்கமே ஆண்டு முழுவதற்கும் போதும். பெரிய குடும்பத்தாருக்கோ ஆடி மாதத்துக்குள்ளேயே பக்கம் தீர்ந்துவிடும். அடுத்த பக்கத்தில் வேறொருவர் கணக்கு இருக்கிறதே! கடைக்காரர் என்ன செய்வார்? நோட்டின் பின்பகுதியில் காலியாக உள்ள ஒரு பக்கத்துக்குப் போவார். பழைய பக்கத்தின் அடியில் 'தொடர்ச்சி 57ஆம் பக்கம்' என்று எழுதி வைப்பார். அதுவும் நிறைந்தால் 'தொடர்ச்சி 83ஆம் பக்கம்'.

கணக்கில் ஒரு பைசாகூடத் தவறு இல்லை. ஆனால் மொத்தம் கூட்ட உட்காரும்போது முன்னும் பின்னும் புரட்டியே நேரம் போய்விடும். பேரேட்டில் ஏற்படும் இதே தொல்லை கணிப்பொறியின் வன்தட்டிலும், அதாவது ஹார்டு டிஸ்கிலும் ஏற்படுகிறது. இதை ஃபிராக்மென்டேஷன் என்று கணிப்பொறித் துறையினர் சொல்கிறார்கள். நாம் சிதறல் என்று அழைப்போம்.

வீட்டுக் கணிப்பொறியில் சிதறல் இருந்தால் ஒரு படம் திறக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு மாநிலத்து மாணவர்களின் மதிப்பெண்களையும், ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் பதிவேட்டையும் வைத்திருக்கும் தரவுத்தளச் சர்வரில் அது நேர்ந்தால்? நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் காத்திருக்க வேண்டிவரும். ஆகவே சிதறல் ஏன் உண்டாகிறது, அதை எப்படித் தடுப்பது என்று பார்ப்போம்.

சுழலும் தட்டும் நகரும் கையும்

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகள் இருக்கின்றன. சர்வர்களில் பெரிதும் பயன்படும் ஒரு வகையில் தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். அது நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. பெருக்கிப் பாருங்கள்: தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது!

தட்டின் மேல் ஒரு கை நீண்டிருக்கும். அதன் நுனியில் எழுதவும் படிக்கவும் வல்ல 'தலை' உண்டு. இந்தத் தலை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நமது தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்.

தட்டில் தகவல்கள் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒரு தகவலைப் படிக்க வேண்டுமானால் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலில், கை உரிய தடத்துக்கு நகர வேண்டும். இதற்குச் சராசரியாக 9 மில்லிவினாடி ஆகிறது என்று கொள்வோம். அடுத்து, வேண்டிய இடம் சுழன்று தலைக்குக் கீழே வரவேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆவதால், சராசரியாக அரைச் சுற்றுக்குச் சுமார் 4 மில்லிவினாடி. ஆக மொத்தம் 13 மில்லிவினாடி.

'இது மிகக் குறைந்த நேரம்தானே?' என்று கேட்பீர்கள். நமக்குக் குறைவு, கணிப்பொறிக்கு அது ஒரு யுகம். இந்த நேரத்தில் அதன் செயலி பல கோடி கணக்குகளைப் போட்டு முடித்திருக்கும்.

உலகின் முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் ராமாக் என்ற கணிப்பொறியோடு வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. அது கொண்டது 50 லட்சம் எழுத்துகள். ஒரு தகவலைத் தேடி எடுக்க அதற்கு அரை வினாடிக்கு மேல் பிடித்தது. அன்று முதல் இன்று வரை வன்தட்டின் கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது. ஆனால் தேடி எடுக்கும் வேகமோ ஐம்பது மடங்குகூட உயரவில்லை. காரணம் எளிது. எழுத்துகளை நெருக்கி நெருக்கி எழுதக் கற்றுக்கொண்டோம். ஆனால் கை என்பது எடையுள்ள பொருள். அதை நகர்த்தவும் நிறுத்தவும் நேரம் பிடித்தே தீரும். சிதறல் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு சிறு கணக்கு

75 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். வன்தட்டு வினாடிக்கு 150 மெகாபைட் படிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு ஒரே தொடராக இருந்தால், கை ஒரு முறை போய்ச் சேர 13 மில்லிவினாடி. படிக்க அரை வினாடி. ஏறத்தாழ அரை வினாடியில் வேலை முடிந்தது.

அதே கோப்பு ஆயிரம் துண்டுகளாகத் தட்டெங்கும் சிதறிக் கிடந்தால்? ஆயிரம் முறை கை நகர வேண்டும். 1000 × 13 மில்லிவினாடி = 13 வினாடி. இதனுடன் படிக்கும் அரை வினாடியையும் கூட்டினால் பதின்மூன்றரை வினாடி. அதாவது 27 மடங்கு நேரம்! கோப்பின் அளவு மாறவில்லை. அதில் உள்ள எழுத்து ஒன்றும் மாறவில்லை. இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

செய்து பாருங்கள்

சிதறல் உண்டாவதை ஒரு கட்டத் தாளில் நீங்களே செய்து பார்க்கலாம். வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசைகள், மொத்தம் 40 கட்டங்கள் வரையுங்கள். இதுதான் உங்கள் வன்தட்டு. இதில் ஐந்து கோப்புகளைப் பென்சிலால் வரிசையாக எழுதுங்கள்: 'க' என்ற கோப்புக்கு 8 கட்டங்கள், 'ச' 6, 'த' 10, 'ப' 8, 'ம' 8. தட்டு நிறைந்துவிட்டது.

இப்போது 'ச', 'ப' இரண்டையும் அழித்துவிடுங்கள். 14 கட்டங்கள் காலி. 12 கட்டங்கள் தேவைப்படும் 'ர' என்ற புதிய கோப்பு வருகிறது. இடம் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. முதல் 6 கட்டங்களை 'ச' இருந்த இடத்திலும், மீதி 6 கட்டங்களைப் 'ப' இருந்த இடத்திலும் எழுத வேண்டியதுதான். அடுத்து 'க'வை அழித்துவிட்டு 10 கட்டங்களுள்ள 'வ'வை எழுதுங்கள். அதுவும் 8, 2 என இரண்டாகப் பிரியும்.

நீங்கள் எங்கேனும் தவறு செய்தீர்களா? இல்லை. எழுதுவதும் அழிப்பதும் நாள்தோறும் நடக்கும் வேலைகள். ஆகவே சிதறல் என்பது இயந்திரக் கோளாறு அன்று. புழங்கப் புழங்கத் தானே வருவது அது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இப்போது உங்கள் தாளில் காலிக் கட்டமே இல்லை. 'ர'வையும் 'வ'வையும் தொடராக மாற்றி அமையுங்கள் பார்க்கலாம்! வேறொரு தாளில் சிலவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் அது முடியாது. வன்தட்டிலும் இதே நிலைதான். சீரமைக்க வேண்டுமானால் நகர்த்தி வைக்கக் காலி இடம் வேண்டும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த சீரமைப்புக் கருவி, வேலையை முழுமையாகச் செய்ய 15 சதவீதம் காலி இடம் வேண்டும் என்று கேட்டதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

கோப்புக்கு உள்ளேயும் சிதறல்

தரவுத்தளத்தில் இன்னொரு வகைச் சிதறலும் உண்டு. தரவுத்தளம் தன் கோப்பைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வர், போஸ்ட்கிரெஸ் ஆகிய மென்பொருள்களில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். பெயர்களை அகர வரிசையில் தேட உதவும் அட்டவணையும் இத்தகைய பக்கங்களால் ஆனதே. இந்த அட்டவணைக்குப் 'பி மரம்' என்று பெயர். போயிங் விமான நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் என்னும் இருவர் உருவாக்கிய இந்த முறை 1972இல் ஆய்விதழில் வெளியாயிற்று. இன்றும் தரவுத்தளங்கள் பெரும்பாலும் இதையே நம்பியிருக்கின்றன.

ஒரு பக்கம் 'கண்ணகி'யில் தொடங்கிக் 'கமலா'வில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஓர் அங்குல இடம்கூட இல்லை. இப்போது 'கதிரவன்' என்ற புதிய பெயர் வருகிறது. அதைக் கடைசியில் எழுதினால் அகர வரிசை கெட்டுவிடும். எனவே தரவுத்தளம் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிளக்கிறது. பாதிப் பெயர்கள் பழைய பக்கத்திலேயே இருக்கும். மறு பாதி, எங்கோ காலியாக இருக்கும் ஒரு பக்கத்துக்குப் போய்விடும். கடைக்காரரின் 'தொடர்ச்சி 57ஆம் பக்கம்' இங்கேயும் வந்துவிட்டது!

இதனால் இரண்டு நட்டங்கள். அடுத்தடுத்த பெயர்கள் தட்டில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்பது ஒன்று. இரண்டு பக்கங்களும் பாதி காலியாக இருப்பதால், அதே தகவலைப் படிக்க இரு மடங்கு பக்கங்களைப் புரட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

வரிசை எப்படி நீள்கிறது?

ஒரு பள்ளியின் 200 மாணவர்களுடைய மதிப்பெண்கள் 20 பக்கங்களில் இருக்கின்றன என்போம். பக்கங்கள் அடுத்தடுத்து இருந்தால் கை ஒரு முறை நகர்ந்தால் போதும். 13 மில்லிவினாடியோடு படிக்கும் நேரம் 1 மில்லிவினாடி சேர்த்து 14 மில்லிவினாடி. வினாடிக்கு 70 பள்ளிகளுக்குப் பதில் சொல்லலாம். இருபது பக்கங்களும் சிதறிக் கிடந்தாலோ 20 × 13 = 260 மில்லிவினாடி. வினாடிக்கு நான்கு பள்ளிகளுக்குக்கூடப் பதில் கிடைக்காது.

தேர்வு முடிவு வரும் நாளில் வினாடிக்குப் பத்துப் பள்ளிகள் கேட்கின்றன. முதல் நிலையில் யாரும் காத்திருக்கவில்லை. இரண்டாம் நிலையிலோ வினாடிதோறும் ஆறு கேள்விகளாவது மீதியாகின்றன. பத்தே நிமிடத்தில் 3600 கேள்விகள் வரிசையில் நிற்கும்! தட்டு பழுதாகவில்லை, மின்சாரம் போகவில்லை. ஆனாலும் வெளியே இருப்பவர்கள் 'கணிப்பொறி வேலை செய்யவில்லை' என்றுதான் சொல்வார்கள்.

உண்மையில் சர்வர்கள் அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கின்றன. ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணைத் தேடும்போது சிதறலால் அதிக நட்டமும் இல்லை. ஆனால் நீண்ட பட்டியல்களைத் தட்டிலிருந்தே படிக்க நேரும்போது, நாம் போட்ட கணக்கு தன் வேலையைக் காட்டிவிடும்.

வருமுன் காத்தல்

அனுபவமுள்ள கடைக்காரர் என்ன செய்கிறார்? அடுத்த ஆண்டு புதுக்கணக்கில் பெரிய குடும்பத்துக்கு இரண்டு பக்கத்துக்குப் பதில் ஆறு பக்கம் ஒதுக்குகிறார். தரவுத்தளத்தைக் காப்பவரும் இதையே செய்ய வேண்டும்.

முதலாவதாக, கோப்புக்கு வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே மொத்தமாக ஒதுக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரில் 2016ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்பு வரை, நாமாக மாற்றாவிட்டால் தரவுக் கோப்பு ஒவ்வொரு தடவையும் 1 மெகாபைட் மட்டுமே நீளும். இப்படி 100 ஜிகாபைட் ஆக வேண்டுமானால் அது ஒரு லட்சம் தடவைக்கு மேல் நீள வேண்டும். பக்கத்தில் வேறு கோப்புகளும் வளர்ந்துகொண்டிருந்தால் சிதறலுக்குக் கேட்கவா வேண்டும்? 2016இல் இந்த அளவு 64 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது.

இரண்டாவதாக, தரவுத்தளத்துக்குத் தனி வன்தட்டே கொடுத்துவிடுவது நல்லது. மற்ற கோப்புகள் இடையில் புகாவிட்டால் சிதறலும் குறையும்.

மூன்றாவதாக, அட்டவணைப் பக்கங்களை விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வைக்கலாம். போஸ்ட்கிரெஸ் மென்பொருள் நாம் சொல்லாமலே பி மரத்தின் பக்கங்களை 90 சதவீதம் மட்டும் நிரப்புகிறது. மீதி 10 சதவீதம் வரப்போகும் 'கதிரவன்'களுக்காக!

வந்த பின் என்ன செய்வது?

கடைக்காரர் புதுப் பேரேட்டில் கணக்குகளை ஒழுங்காகப் பெயர்த்து எழுதுவதுபோல, சிதறிய அட்டவணையைத் தரவுத்தளம் புதிதாகக் கட்டிக்கொள்ள முடியும். கோப்புத் துண்டுகளை ஒன்று சேர்க்கவும் கருவிகள் உண்டு. 1993இல் வந்த எம்.எஸ்.டாஸ் 6 இயங்குதளத்திலேயே அப்படி ஒன்று இருந்தது. ஆனால் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

சீரமைக்கும்போது தட்டு மும்முரமாக உழைக்கும். அப்போது மற்றவர்கள் காத்திருக்க நேரும். எனவே புழக்கம் குறைந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும். அடுத்து, முதலில் அளந்து பார்க்க வேண்டும். சிதறல் எவ்வளவு, அதனால் வேகம் குறைந்திருக்கிறதா என்று அறியாமல் தினமும் சீரமைப்பது வீண் உழைப்பு. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: வேலையைத் தொடங்குமுன் வேறொரு தட்டில் நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து தகவலை மீட்க முடிகிறதா என்றும் சோதித்துவிட வேண்டும். லட்சக்கணக்கான பதிவுகளை இடம் மாற்றும் நடுவில் தட்டு பழுதானால் வேறு கதி இல்லை.

தட்டின் உடல்நலமும் கவனிக்கத் தக்கது. பெரும்பாலான வன்தட்டுகள் 'ஸ்மார்ட்' என்னும் வசதி மூலம் தம் நிலையைத் தாமே குறித்து வைக்கின்றன. பழுதான பகுதிகளுக்குப் பதிலாக மாற்று இடங்களைப் பயன்படுத்தியதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அது நல்ல அறிகுறி அன்று. அதிர்வும் வன்தட்டுக்குப் பகை. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் என்பவர், வேலை செய்துகொண்டிருந்த வன்தட்டுகளின் முன் நின்று உரக்கக் கத்தினார். உடனே அவற்றின் தாமதம் கூடியதைத் திரையில் காட்டினார்! சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலை, குறுகிய தடத்தை விட்டு விலக அந்த ஒலி அதிர்வே போதுமாக இருந்தது.

கை இல்லாத தட்டு

இப்போது எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகம் பரவியிருக்கிறது. இதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. மின்னணுச் சில்லுகள் மட்டுமே உள்ளன. எந்த இடத்திலிருந்து படித்தாலும் ஏறத்தாழ ஒரே நேரம்தான். எனவே கோப்புத் துண்டுகளை ஒன்று சேர்ப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. மாறாகத் தீங்கு உண்டு. இந்தச் சில்லுகளில் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற வரம்பு இருக்கிறது. தேவையின்றிச் சீரமைத்தால் அதன் ஆயுளைத்தான் செலவழிக்கிறோம்.

ஆனால் பக்கங்கள் பிளந்து பாதி காலியாகக் கிடக்கும் தொல்லை எஸ்.எஸ்.டி.யிலும் தீர்வதில்லை. பாதி காலியான பக்கம் நினைவகத்திலும் முழுப் பக்கத்தின் இடத்தையே பிடிக்கும். ஆகவே சில்லு வந்துவிட்டதால் அட்டவணையைக் கவனிக்கவே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. சுழலும் வன்தட்டுகளும் மறைந்துவிடவில்லை. பெருமளவு தகவலைக் குறைந்த செலவில் சேமிக்கும் இடங்களில் அவை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

எந்தக் கருவியானாலும், அதில் நேரம் எங்கே செலவாகிறது என்று முதலில் கேளுங்கள். நகரும் கையில் செலவானால் தகவலை அருகருகே வையுங்கள். கையே இல்லாவிட்டால் வீணாக நகர்த்தாதீர்கள். இரண்டிலும், நாளை வரப்போவதற்கு இன்றே கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். கணிப்பொறி படிக்காத மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த உண்மை இது.

முடிக்குமுன் ஒரு கேள்வி. நாம் பார்த்த 75 மெகாபைட் கோப்பு ஆயிரத்துக்குப் பதில் பத்தே துண்டுகளாக இருந்தால் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சீரமைப்பது அவசியமா? கணக்குப் போட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.